வாசற் கோலமும் வகுப்பறைக் கணக்கும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. கண்மாயில் நீர் நின்றால் விளைச்சல் உண்டு. நில்லாவிட்டால் சீமைக் கருவேலமும் கரிமூட்டமுமே கதி. இம்மண்ணில், குமாரலிங்கபுரம் போன்ற சிற்றூர்களில் வாழும் பெற்றோர் தம் மக்களுக்குத் தரக்கூடிய, மழையை நம்பாத சொத்து ஒன்று உண்டென்றால் அது கல்வியே. அந்தக் கல்விப் பாதையில் பிள்ளைகள் பலர் தடுக்கி விழும் இடம் எது என்று கேட்டால், ஆசிரியர் பெரும்பாலோர் கூறும் விடை ஒன்றுதான்: கணக்கு.

தொடக்கப் பள்ளியில் கூட்டலும் கழித்தலும் ஒருவாறு செய்துவந்த பிள்ளை, ஆறாம் வகுப்பில் எண்ணுக்குப் பதிலாக எழுத்து வந்து நின்றதும் திகைக்கிறது. "எனக்குக் கணக்கு வராது" என்று தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக்கொள்கிறது. வீட்டில் பெற்றோரும், "நமக்கும் வராது, நம் பிள்ளைக்கும் வராது" என்று அத்தீர்ப்பை உறுதி செய்துவிடுகிறோம். பின்னாளில் தொழிற்கல்வி, வங்கித் தேர்வு, அரசுப் பணித் தேர்வு எனக் கணக்கு கேட்கும் கதவுகள் அனைத்தும் அப்பிள்ளைக்கு மூடிக்கொள்கின்றன. பெண் பிள்ளையானால் படிப்பை நிறுத்திவிட அதுவே ஒரு சாக்காகவும் அமைந்துவிடுகிறது.

ஆனால் அதே சிறுமி பொங்கல் நாளில் வாசலில் அமர்ந்து என்ன செய்கிறாள்? "7 புள்ளி, 4 வரை இடைப்புள்ளி" என்று சொல்லிக்கொண்டே, அளவுகோல் இன்றி, அழிப்பான் இன்றி, மளமளவெனப் புள்ளி வைக்கிறாள். நடுவில் ஏழு, மேலும் கீழும் ஆறு, ஐந்து, நான்கு. ஒரு புள்ளி பிசகினால் உடனே கண்டுபிடித்துத் திருத்துகிறாள். இது கணக்கு அன்றி வேறு என்ன? வாசலில் வல்லவளாக விளங்கும் பெண் வகுப்பறையில் மக்காகிவிடுவது அவள் குற்றமன்று. வாசலுக்கும் வகுப்பறைக்கும் இடையே நாம் பாலம் அமைக்கவில்லை என்பதே அதன் பொருள்.

அந்தப் பாலத்திற்குப் பெயர்தான் பட அமைப்பு வழியே எண் தொடர் கற்பித்தல்.

திரும்பி வருவதும் வளர்ந்து செல்வதும்

பட அமைப்புகள் இருவகைப்படும். முதல் வகை, வந்ததே மீண்டும் வருவது. அருப்புக்கோட்டை நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர். தறியில் கோடு போட்ட துண்டு ஒன்று நெய்யப்படுவதாகக் கொள்வோம். இரண்டு சிவப்பு இழை, மூன்று வெள்ளை இழை. மறுபடி இரண்டு சிவப்பு, மூன்று வெள்ளை. முப்பத்தேழாவது இழை என்ன நிறம்? ஒவ்வொன்றாக எண்ண வேண்டியதில்லை. ஐந்து இழைக்கு ஒரு முறை அமைப்பு திரும்புகிறது. 37-ஐ 5-ஆல் வகுத்தால் மீதி 2. ஆகவே அது இரண்டாம் இழை, நிறம் சிவப்பு. வகுத்தலில் 'மீதி' என்பது எதற்கு என்று தெரியாமலே மனப்பாடம் செய்யும் பிள்ளைக்கு, மீதியின் பயன் இங்கே கண்முன் நிற்கிறது. நம் இல்லங்களில் உள்ள செபமாலையும் இத்தகையதே: ஒரு பெரிய மணி, பத்துச் சிறு மணி என்ற அமைப்பு திரும்பத் திரும்ப வருவதால்தான் கண்ணை மூடியிருந்தாலும் விரல் வழி தவறுவதில்லை.

இரண்டாம் வகை, படிப்படியாக வளர்வது. இதில் ஒவ்வொரு படமும் முந்தைய படத்தினின்று ஒரு விதிப்படி பெருகுகிறது. எண் தொடர் என்னும் பாடத்தின் உயிர்நிலை இதுவே. இதற்கு நம் கோலப் புள்ளிகளைவிடச் சிறந்த கருவி கிடைப்பது அரிது.

கோலப் புள்ளி கூறும் எண்கள்

நேர்ப்புள்ளியாக ஒன்று வையுங்கள். பின்னர் இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று, நான்குக்கு நான்கு என வையுங்கள். புள்ளிகளின் தொகை 1, 4, 9, 16. இவை சதுர எண்கள். இனி, மூன்றுக்கு மூன்று என்ற கட்டத்தை நான்குக்கு நான்காக மாற்ற எத்தனை புள்ளி கூடுதலாக வைத்தோம்? வலப்புறம் மூன்று, கீழே மூன்று, மூலையில் ஒன்று, ஆக ஏழு. அதற்கு முன் கூட்டியது ஐந்து. அதற்கும் முன் மூன்று. எனவே 1+3+5+7 என ஒற்றை எண்களை முறையாகக் கூட்டினால் எப்போதும் சதுர எண்ணே வரும். இவ்வுண்மையைப் பண்டைக் கிரேக்க நாட்டில் பிதாகரஸ் வழியினர் கூழாங்கற்களை அடுக்கிக் கண்டனர் என்பர். கோலப் பொடியால் அதை நாமும் ஒரு நிமிடத்தில் காணலாம்.

அடுத்து, 7 புள்ளி, 1 வரை நேர்ப்புள்ளி. வரிசைகள் 1, 3, 5, 7, 5, 3, 1. தொகை 25. இவ்வாறு ஒரு புள்ளியில் தொடங்கிச் சுற்றுச் சுற்றாக வளரும் கோலத்தில் புள்ளிகள் 1, 5, 13, 25, 41 எனப் பெருகும். கூடுவது முறையே 4, 8, 12, 16. பக்கங்கள் நான்கு, ஒவ்வொரு சுற்றிலும் பக்கத்திற்கு ஒரு புள்ளி மிகும், ஆகவே கூடுவதும் நான்கு நான்காக மிகுகிறது.

இனி நம் சிறுமியின் இடைப்புள்ளிக் கோலம். வரிசைகள் 4, 5, 6, 7, 6, 5, 4. தொகை 37. இதையும் நடுப் புள்ளியிலிருந்து வெளியே நோக்கிப் பாருங்கள். நடுவில் ஒன்று, அதைச் சுற்றி ஆறு, அதைச் சுற்றிப் பன்னிரண்டு, அதற்கு அப்பால் பதினெட்டு. ஆகவே 1, 7, 19, 37. அறுகோணத்திற்குப் பக்கம் ஆறு என்பதால் ஒவ்வொரு சுற்றும் முந்தையதைவிட ஆறு மிகுந்து வருகிறது. அடுத்த சுற்றில் 24 கூட, 61 ஆகும். 15 புள்ளி, 8 வரை இடைப்புள்ளி என்ற பெருங்கோலத்திற்கு எத்தனை புள்ளி? வைத்துப் பார்க்காமலே கணக்கிடலாம்: 169.

உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்னும் ஒரு வியப்பு இதில் உண்டு. இவ்வெண்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டிக்கொண்டே வரச் சொல்லுங்கள். 1; 1+7=8; 8+19=27; 27+37=64. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு ஆகியவற்றின் கன எண்கள்! வாசலில் தட்டையாகக் கிடக்கும் கோலத்திற்குள் நீளம், அகலம், உயரம் மூன்றும் உடைய பெட்டி ஒளிந்திருக்கிறது.

முக்கோணமாக 1, 2, 3, 4 எனப் புளியங்கொட்டையை அடுக்கினால் 1, 3, 6, 10 என முக்கோண எண்கள் கிடைக்கும். பத்து வரிசைக்கு எத்தனை? அதே அளவுள்ள மற்றொரு முக்கோணத்தைத் தலைகீழாகப் பக்கத்தில் பொருத்துங்கள். பத்து வரிசை, வரிசைக்குப் பதினொன்று என நீள்சதுரம் ஆகிவிடும். 110-இல் பாதி 55. ஒன்று முதல் நூறு வரை கூட்டச் சொன்ன ஆசிரியருக்குச் சிறுவன் காஸ் நொடியில் 5050 என விடை கூறினான் என்னும் கதையின் உட்பொருளும் இதுவே. நம் நாட்டில் ஆரியபட்டர் 499-ஆம் ஆண்டிலேயே இத்தகைய தொடர்களின் கூட்டுத்தொகைக்கு விதி வகுத்தார். பிற்காலத்தில் கேரளத்து நீலகண்ட சோமயாஜி அந்நூலுக்கு உரை எழுதியபோது, வடிவங்களை ஒன்றோடொன்று பொருத்திக் காட்டியே அவ்விதிகளை விளக்கினார். படத்தால் எண்ணை விளக்குவது மேலைநாட்டு இறக்குமதி அன்று. நம் முன்னோர் கையாண்ட வழியே.

தாம்பரத்துப் பேராசிரியர்கள் கண்டது

கோலத்தில் கணக்கு உண்டு என்பது வெறும் புகழ்ச்சியுரை அன்று. தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராக விளங்கியவர் கிப்ட் சிரோமணி. அவரும், கணித அறிஞரான அவர் துணைவியார் ராணி சிரோமணியும், கமலா கிருதிவாசனும் இணைந்து 1974-ஆம் ஆண்டில் கோலத்தைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை ஒன்றைப் பன்னாட்டு இதழில் வெளியிட்டனர். கணிப்பொறி அறிவியல் தவழும் பருவத்தில் இருந்த காலம் அது.

அவர்கள் கேட்ட கேள்வி எளியது. ஒரு மொழியில் சில இலக்கண விதிகளைக் கொண்டு எண்ணற்ற வாக்கியங்களை அமைக்கிறோம் அல்லவா? அவ்வாறே சில விதிகளைக் கொண்டு சிறு கோலத்தினின்று பெரிய கோலங்களை முடிவின்றி வளர்க்க இயலுமா? இயலும் என்று அவர்கள் காட்டினர். அதன்படி ஒரு கோலம் தனிப் படம் அன்று. ஒரே விதியால் பிறந்த பெருங்குடும்பத்தின் ஓர் உறுப்பினர். பிற்காலத்தில் புள்ளிகளைச் சுற்றி வளையும் கம்பிக் கோலத்தையும் அவர்கள் ஆராய்ந்தனர். கிப்ட் சிரோமணி 1988-இல் மறைந்தார். ஆயினும் அப்பணி உலகின் கவனத்தை ஈர்த்தது. அமெரிக்கக் கணித அறிஞர் மார்சியா ஆஷர் 2002-இல் கோல மரபைப் பற்றி விரிவாக எழுதினார்.

எழுத்தறியாத நம் பாட்டிமார் வாசலில் வரைந்தவை, கணிப்பொறி மொழியியலுக்கு எடுத்துக்காட்டாயின. இச்செய்தியை நம் பெண் பிள்ளைகள் ஒவ்வொருவரும் அறிய வேண்டும்.

தீக்குச்சியிலிருந்து எழுத்துக்கு

புள்ளிக்கு அடுத்தபடி தீக்குச்சி. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டிப் பகுதிகளில் தீக்குச்சி என்றால் நம்மவர்க்கு வேறு நினைவும் வரும். பள்ளியில் இருக்க வேண்டிய சிறார் பலர், சட்டங்களில் குச்சி அடுக்கியும் பெட்டி ஒட்டியும் நாளைக் கழித்த காலம் ஒன்று இருந்தது. 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டமும், 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் வந்தபின், பிள்ளையின் இடம் பள்ளியே என்பது சட்டமாயிற்று. இன்று அதே தீக்குச்சி பிள்ளையின் கையில் பாடக் கருவியாகலாம். மருந்து இல்லாத வெறுங்குச்சிகளாக இருத்தல் நலம். ஈர்க்குச்சித் துண்டும் போதும்.

நான்கு குச்சியால் ஒரு சதுரம் செய்க. அதன் பக்கத்தை ஒட்டியே அடுத்த சதுரம். அதை ஒட்டி அடுத்தது. குச்சிகளின் எண்ணிக்கை 4, 7, 10, 13. பத்துச் சதுரத்திற்கு எத்தனை குச்சி? "பத்து நான்கு நாற்பது" என்று அவசரப் பிள்ளை கூறும். படத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். இடையிலுள்ள குச்சி இரு சதுரங்களுக்கும் பொது அன்றோ?

ஒரு பிள்ளை இவ்வாறு காணும்: "முதலில் ஒரு குச்சி நிறுத்தினேன், பிறகு ஒவ்வொரு சதுரத்திற்கும் மூன்று சேர்த்தேன். ஆகவே 1+30=31." மற்றொரு பிள்ளை வேறு விதமாகக் காணும்: "மேலே பத்து, கீழே பத்து, நிற்பவை பதினொன்று. ஆகவே 31." இருவர் பார்வையும் வேறு; விடை ஒன்று. சதுரங்களின் எண்ணிக்கை எதுவாயினும் அதை 'ச' என்று அழைப்போம். முதற்பிள்ளை கூறியது: ச-வை மூன்றால் பெருக்கி ஒன்று கூட்டுக. இரண்டாம் பிள்ளை கூறியது: ச, மேலும் ச, மேலும் ச-வோடு ஒன்று. இரண்டும் ஒன்றே என்பது கண்கூடு.

இயற்கணிதம் என்று அஞ்சியது இவ்வளவுதான்! எழுத்து என்பது புதிரன்று. "எத்தனை சதுரம் வேண்டுமானாலும்" என்ற நீண்ட சொற்றொடருக்குச் சுருக்கப் பெயர். இதனாலேயே தேசிய கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தின் 2006-ஆம் ஆண்டு ஆறாம் வகுப்பு நூல் இயற்கணிதத்தைத் தீக்குச்சிப் படங்களோடு தொடங்கியது. 2024-இல் வந்த புதிய ஆறாம் வகுப்பு நூலோ முதற்பாடத்தையே கணித அமைப்புகளுக்கு ஒதுக்கியது. தமிழ்நாட்டின் தொடக்க வகுப்பு நூல்களிலும் 'அமைப்புகள்' என்ற தலைப்பு இடம்பெற்றுள்ளது. நூலில் வழி இருக்கிறது. அவ்வழியே பிள்ளையை நடக்கவிடுகிறோமா என்பதே கேள்வி. அச்சிட்ட படத்தில் புள்ளிகளை வேறொருவர் வைத்துவிட்டார். பிள்ளை தன் கையால் புள்ளி வைத்தால்தான் எத்தனை கூடியது, எங்கே கூடியது, ஏன் கூடியது என்பதை உணரும். கையால் செய்தல், படமாய்க் காணல், குறியீட்டால் எழுதல் என மூன்று படிகளை ஜெரோம் புரூனர் என்னும் உளவியல் அறிஞர் 1960-களில் வகுத்துரைத்தார். நாம் பெரும்பாலும் மூன்றாம் படியிலேயே பிள்ளையை ஏற்றிவிட்டு, ஏறத் தெரியவில்லை என்று கடிந்துகொள்கிறோம்.

எண் மட்டும் போதாதா?

"1, 2, 4 என்பதற்கு அடுத்த எண் எது?" இது தேர்வுகளில் வரும் கேள்வி. எட்டு என்பார் பலர். சற்றுப் பொறுங்கள்.

ஒரு தாளை மடியுங்கள். மடிக்கு முன் அடுக்கு ஒன்று. ஒரு மடிப்பில் இரண்டு. மறு மடிப்பில் நான்கு. மூன்றாம் மடிப்பில் எட்டு. இங்கே அடுத்த எண் எட்டுத்தான். இனி, ஒரு தோசையை நேர்க்கோடாக வெட்டுங்கள். வெட்டுக்கு முன் துண்டு ஒன்று. ஒரு வெட்டில் இரண்டு. இரண்டு வெட்டில் நான்கு. மூன்றாம் வெட்டில் எவ்வளவு முயன்றாலும் ஏழு துண்டுகளுக்கு மேல் கிடைக்காது. இங்கே அடுத்த எண் ஏழு.

ஆக, 1, 2, 4 என்ற எண்கள் தாமாக ஒன்றும் சொல்வதில்லை. அவை எவ்வாறு பிறந்தன என்பதைப் படமே சொல்கிறது. எண்ணைக் கண்டு ஊகிப்பது ஒன்று. காரணம் கண்டு தெளிவது மற்றொன்று. பட அமைப்பின் உண்மைப் பயன் கணக்கை விளையாட்டாக்குவது மட்டுமன்று, "ஏன்?" என்று கேட்கும் பழக்கத்தைப் பிள்ளை உள்ளத்தில் ஊன்றுவதே.

படத்தையும் கண்மூடி நம்பலாகாது என்பதற்கு மற்றொரு சான்று. வட்டத்தின் விளிம்பில் புள்ளிகள் வைத்து, ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் கோட்டால் இணையுங்கள். ஒரு புள்ளிக்கு வட்டம் ஒரே பகுதி, இரண்டுக்கு 2, மூன்றுக்கு 4, நான்குக்கு 8, ஐந்துக்கு 16. ஆறுக்கு 32 என்று எவரும் பந்தயம் கட்டுவர். உள்ளே மூன்று கோடுகள் ஒரே இடத்தில் சந்திக்காதபடி வரைந்து பொறுமையாக எண்ணுங்கள், வருவது 31! ஐந்து முறை ஒத்து வந்தது ஆறாம் முறை ஒத்து வரவில்லை. பலமுறை கண்டோம் என்பதாலேயே ஒன்று மெய்யாகிவிடாது. காரணம் காட்டப்பட வேண்டும். இப்பாடம் கணக்கிற்கு மட்டுமன்று, வாழ்க்கைக்கும் வேண்டியதே.

பெற்றோர் செய்யக் கூடியவை

இதற்குப் பணச் செலவு இல்லை. புளியங்கொட்டை, சோழி, கூழாங்கல், கோலப்பொடி எதுவும் போதும். பிள்ளையின் அருகில் அமர்ந்து ஐந்து கேள்விகளை முறையாகக் கேளுங்கள்.

முதலாவது, அடுத்த படத்தைச் செய்து காட்டு. இரண்டாவது, முன் படத்திற்கும் இதற்கும் எது மாறியது, எது மாறவில்லை? மூன்றாவது, இதுவரை வந்த எண்களை வரிசையாக எழுது. நான்காவது, பத்தாம் படத்தை வரையாமலே எண்ணிக்கை சொல்ல இயலுமா? ஐந்தாவது, ஏன் அப்படி?

ஐந்தாம் கேள்விக்கு விடை வரும்வரை பொறுத்திருங்கள். விரைந்து நீங்களே சொல்லிவிடாதீர்கள். விடை தவறானால் கடியாமல், "செய்து பார்ப்போம், வா" என்று அழையுங்கள். தவறு தானே வெளிப்படும். பிள்ளை வேறு வழியில் கண்டால் அதையும் கேளுங்கள். ஆண் பிள்ளைகளையும் கோலப் புள்ளி வைக்கப் பழக்குங்கள். அது பெண்களுக்கு மட்டுமே உரியது என்று எக்கணக்கும் கூறவில்லை. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு விண்மீன் கட்டும்போதும், குடிலுக்குத் தோரணம் வெட்டும்போதும், "எத்தனை தாள் வேண்டும்? முன்கூட்டியே சொல்" என்று கேளுங்கள்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். எண் தொடர் பாடம் வரும் நாளில், வகுப்பில் கோலம் நன்கு போடும் மாணவியை அழைத்துக் கரும்பலகையில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். அன்று ஒரு நாளேனும் அவள் பின்வரிசையிலிருந்து முன்னே வந்து நிற்கட்டும். அவள் கை அறிந்ததை அவள் வாய் சொல்லவும், எழுதுகோல் எழுதவும் உதவுங்கள்.

அன்னையரே, "நான் படிக்கவில்லை, பிள்ளைக்கு எப்படிக் கணக்குச் சொல்லித் தருவேன்?" என்று கலங்காதீர்கள். 15 புள்ளிக் கோலத்தைப் பிசகின்றி முடிக்கும் கை உங்களுடையது. அதில் அடங்கிய 169 புள்ளிகளையும் நீங்கள் எண்ணி வைக்கவில்லை. விதி அறிந்து வைத்தீர்கள். அந்த விதியை உங்கள் மகளுக்குச் சொல்லுங்கள். ஏன் அப்படி என்று அவள் கேட்கட்டும். மாலையில் வாசற்படியில் அவளோடு அமர்ந்து புள்ளி வைக்கும் பத்து நிமிடத்தில், அவள் அஞ்சிய கணக்கு அவள் வீட்டுக் கணக்காகிவிடும்.